கெங்கவல்லியிலிருந்து கோவை நேரு ஸ்டேடியம் வரை

1978-ஆம் ஆண்டு பெடரேஷன் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் கோயம்புத்தூரில் நடந்தது. மோதியவை மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும். இரண்டுமே கொல்கத்தா கிளப்புகள். இரண்டின் சொந்த ஆடுகளங்களும் அந்நகரின் மைதான் பகுதியில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகிற தொலைவில் இருக்கின்றன. அப்படிப்பட்ட இரு கிளப்புகள், நாட்டின் கோப்பை யாருக்கு என்று தீர்த்துக்கொள்ள 2,000 கிலோமீட்டருக்கு மேல் பயணித்துத் தெற்கே வந்து கொங்கு மண்ணில் ஆடின. ஆட்டத்தில் கோல் விழவில்லை. கோப்பை இரு அணிகளுக்கும் பொதுவானது என்று அறிவிக்கப்பட்டது.

பெடரேஷன் கோப்பைக்கு அப்போது ஒரு வயதுதான். இந்தியாவில் அதைவிடப் பழைய கோப்பைகள் பல இருந்தன. டூரண்ட் கோப்பை 1888-இல் சிம்லாவிலும், ரோவர்ஸ் கோப்பை 1891-இல் பம்பாயிலும், ஐ.எஃப்.ஏ. கேடயம் 1893-இல் கல்கத்தாவிலும் தொடங்கின. ஆங்கிலேயப் படைப்பிரிவுகளும் அவர்களின் சங்கங்களும் நடத்திய அந்தக் கோப்பைகள் நெடுங்காலம் ஒரே ஊரோடு ஒட்டிக்கொண்டவை. 1941-இல் வந்த சந்தோஷ் கோப்பை மாநிலங்களுக்கு இடையிலானது. நாட்டின் சிறந்த கிளப் எது என்பதைத் தீர்மானிக்கத் தனிப் போட்டி இல்லாத குறையைப் போக்க அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 1977-இல் பெடரேஷன் கோப்பையைக் கொண்டுவந்தது. கொச்சியில் நடந்த முதல் இறுதி ஆட்டத்தில் பெங்களூரின் ஐ.டி.ஐ. அணி, அதாவது தொலைபேசிக் கருவி செய்யும் பொதுத்துறை நிறுவனத்தின் ஊழியர் அணி, மோகன் பகானை 1-0 என்று வென்றது.

இந்தக் கோப்பைக்கு நிலையான ஊர் இருந்ததில்லை. அதுவே அதன் பெரிய சிறப்பு. ஒவ்வோர் ஆண்டும் வேறொரு நகரம். முதல் எட்டுப் போட்டிகள் கொச்சி, கோவை, குவாஹாட்டி, கல்கத்தா, சென்னை, கோழிக்கோடு, கண்ணூர், திருச்சி என்று சுற்றின. எட்டில் ஆறு தென்னாட்டில். அவற்றில் மூன்று தமிழ்நாட்டில். அந்த மூன்றில் இரண்டு, சேலம் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் இருக்கும் கெங்கவல்லிக்காரர் காலையில் கிளம்பினால் மாலை ஆட்டத்துக்குப் போய்ச் சேரக்கூடிய ஊர்களில் நடந்தன.

கெங்கவல்லி ஒரு பேரூராட்சி. அதே பெயருள்ள வட்டத்தின் தலைமை ஊர். மேற்கே கொல்லிமலை, தெற்கே பச்சைமலை, நடுவே சுவேத நதி ஓடும் சமவெளி. மரவள்ளி, மக்காச்சோளம், பருத்தி, மஞ்சள் விளையும் பூமி. பெரும்பாலான மாதங்களில் ஆற்றில் மணல்தான் தெரியும். மலையில் நல்ல மழை பெய்தால் மட்டும் தண்ணீர் வரும். இந்த வட்டாரத்தில் ஊர் கூடிப் பார்க்கும் விளையாட்டு என்றால் ஜல்லிக்கட்டுதான். பக்கத்துத் தம்மம்பட்டியும், ஆத்தூரை அடுத்த கூலமேடும் அதற்குப் பேர்போனவை. கபடியும் உண்டு. கால்பந்து பள்ளிக்கூட மைதானத்தோடு நின்றுவிடுகிற ஆட்டம். ஆகவே இங்கிருந்து ஒரு கோப்பை இறுதி ஆட்டத்தைத் தேடிப் போவது, பழகிய விளையாட்டை விட்டுப் புதிய ஒன்றைத் தேடிப் போவதாகவே இருந்திருக்கும்.

1978-இல் போய்த்தான் பார்க்க வேண்டும். வேறு வழி கிடையாது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் தொடங்கியிருந்தாலும் அதன் ஒளிபரப்பு சேலம் வட்டாரத்தை எட்டவில்லை. 1978 ஜூன் மாதம் அர்ஜென்டினாவில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் போட்டியை நடத்திய நாடே நெதர்லாந்தை 3-1 என்று வென்றது. அதையும் இந்த ஊர்க்காரர்கள் செய்தித்தாளில் படித்தோ வானொலியில் கேட்டோதான் தெரிந்துகொண்டிருக்க முடியும். உலகக் கோப்பை காகிதத்தில் வந்தது. இந்தியக் கோப்பையோ பஸ் ஏறினால் எட்டுகிற இடத்துக்கே வந்திருந்தது.

கெங்கவல்லியிலிருந்து கோவை போகும் வழி ஆத்தூரில் தொடங்குகிறது. வசிஷ்ட நதிக்கரையில் பழைய கோட்டை நிற்கும் ஊர். ஆத்தூர் வழியே போகும் சேலம்–விருத்தாசலம் ரயில் பாதை 1978-இல் மீட்டர் கேஜ். இந்த நூற்றாண்டில்தான் அகலப் பாதையானது. அன்று ரயிலில் போனால் சேலத்தில் இறங்கி, அகலப் பாதையில் வேறு வண்டி மாற வேண்டும். பஸ்தான் வசதி. சேலம் நெடுஞ்சாலையில் ஆத்தூரைத் தாண்டியதும் இருமருங்கிலும் சேகோ பேக்டரிகள் வரத் தொடங்கும். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, மாவைப் படியவைத்து, குருணையாக உருட்டி, வறுத்து, சிமென்ட் களத்தில் காயப்போடுவார்கள். வெயில் ஏறிய பிறகு அந்தக் களங்களின் வெள்ளை கண்ணைக் கூசவைக்கும். ஆட்கள் நீளமான மரப்பலகையால் ஜவ்வரிசியைத் தள்ளித் தள்ளிப் பரப்பிக்கொண்டிருப்பார்கள். பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் புளித்த மாவின் வாடை உள்ளே வரும். கழிவுநீர்த் தொட்டி பக்கத்தில் இருந்தால் வாடை இன்னும் கடுமை. வட இந்தியாவில் விரத நாட்களில் உண்ணப்படும் ஜவ்வரிசியில் பெரும்பகுதி இந்தக் களங்களில் காய்ந்ததுதான். இந்த வட்டாரத்துக்கும் நாட்டின் மற்ற பகுதிகளுக்கும் நெடுங்காலமாக உள்ள உறவு அது.

வாழப்பாடி அருகே காட்டுவேப்பிலைப்பட்டியில் இன்று ஒரு கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் ராகுல் டிராவிட் வந்து கலந்துகொண்ட விழாவில் அது திறக்கப்பட்டது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் இந்திய அணிக்குப் போனதும் அதே ஆண்டில்தான். கிராமத்துப் பையன்களின் கனவு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை அந்த மைதானம் காட்டுகிறது. கால்பந்துக்கு இந்தச் சாலையில் அப்படி ஒரு மைதானம் எழுப்பப்படவில்லை. இது வருத்தத்துக்குரியது, ஏனென்றால் ஒரு பந்தும் நான்கு கல்லும் போதும் என்ற ஆட்டம் அது.

அயோத்தியாப்பட்டணம் தாண்டிச் சேலம் வருகிறது. சென்னையிலிருந்து கோவைக்குப் போகும் ரயில்கள் ஜோலார்பேட்டையில் திரும்பிச் சேலம் சந்திப்பு வழியாகத்தான் ஈரோட்டுக்குப் போகின்றன. கொல்கத்தாவிலிருந்து சென்னை வழியாகக் கோவைக்கு ரயிலில் வருகிற எவரும் சேலம் நடைமேடையைப் பார்க்காமல் போக முடியாது. சேலத்திலிருந்து கோவை சுமார் 160 கிலோமீட்டர். கொச்சி வரை போகும் இந்த நெடுஞ்சாலையைப் பழைய ஆட்கள் இன்னமும் 47 என்றே சொல்கிறார்கள். இப்போதைய எண் 544. சங்ககிரியில் மலைமேல் கோட்டை தெரிகிறது. தீரன் சின்னமலை 1805-இல் தூக்கிலிடப்பட்ட இடம் அது. கீழே லாரிப் பட்டறைகள். குமாரபாளையத்தில் தறிச் சத்தம். அதைத் தாண்டிக் காவிரிப் பாலம். நாமக்கல் மாவட்டம் முடிந்து ஈரோடு மாவட்டம் தொடங்குகிறது. அக்கரையில் பவானி. பிறகு பெருந்துறை, செங்கப்பள்ளி, அவிநாசி. சாலை நான்கு வழியான பிறகு இந்தத் தொலைவு சுருங்கிவிட்டது. முன்பு சேலம்–கோவை பயணம் என்றால் அரை நாள் போய்விடும்.

கோவையில் சேலம் பஸ்கள் வந்து நிற்கும் காந்திபுரத்திலிருந்து ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. பக்கத்தில் வ.உ.சி. பூங்கா. அதை ஒட்டிய வட்டாரத்தில்தான் சிதம்பரனார் செக்கிழுத்த மத்திய சிறை. ஸ்டேடியத்தின் வெளிச்சுற்றில், காலரிகளுக்குக் கீழே, வரிசையாகக் கடைகள். உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது ஓடுபாதை. காலரிக்கும் புல்தரைக்கும் நடுவில் அது கிடக்கிறது. கால்பந்துக்கென்றே கட்டிய மைதானங்களில் கோட்டோரம் பந்து எறியும் ஆட்டக்காரர் மூச்சு வாங்குவது முன்வரிசைக்குக் கேட்கும். இங்கே அந்த நெருக்கம் கிடைக்காது. கார்னர் கொடிக்கம்பம் கூட எட்டத்தில் நிற்கிறது. ஆனால் மேல்படியில் உட்கார்ந்தால் ஆட்டத்தின் முழு அமைப்பும் தெரியும்: தடுப்பு வரிசை ஒன்றாக முன்னேறுவதும், பந்து போன பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு விங்கர் தனியாக நிற்பதும். கோல் விழாத ஆட்டத்தைப் பார்க்க அதுதான் சரியான இடம். கோல் இல்லாத ஆட்டத்தில் பார்க்கவேண்டியது இந்த நகர்வுகளைத்தான்.

கோவைக்கு வந்த இரு கிளப்புகளின் பகை கொல்கத்தாவின் சமூக வரலாற்றோடு பின்னியது. மோகன் பகான் 1889-இல் தொடங்கியது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்றதன் மூலம் அந்தக் கேடயத்தை வென்ற முதல் இந்தியக் கிளப் ஆனது. அணியில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் வெறுங்காலோடு ஆடினார்கள். நாடே கொண்டாடிய வெற்றி அது. ஈஸ்ட் பெங்கால் 1920-இல், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களால் தொடங்கப்பட்டது. 1947-இல் நாடு பிரிந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த லட்சக்கணக்கானோருக்கு இழந்த ஊரின் பெயரைத் தாங்கிய அந்தச் சிவப்பு–தங்க நிறச் சட்டை ஒரு முகவரி ஆயிற்று. இந்த இரு அணிகளின் ஆட்டம் என்றால் கொல்கத்தாவில் வீடுகளே இரண்டுபடும்.

1970-களின் இறுதி இரு கிளப்புகளுக்கும் பொற்காலம். மோகன் பகானைப் பயிற்றுவித்தவர் பி.கே. பானர்ஜி, 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் வீரர். 1977 செப்டம்பர் 24 அன்று ஈடன் கார்டனில் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு மோகன் பகான் 2-2 என்று சமன் செய்தது. பெலேயை எதிர்த்து ஆடிய கிளப் அடுத்த ஆண்டு கோவைக்கு வந்தது என்றால் அந்தக் காலரியில் இருந்தவர்களுக்கு அது எத்தனை பெரிய வரவு என்று ஊகிக்கலாம். ஈஸ்ட் பெங்கால் பக்கம் வலது ஓரத்தில் பந்தை ஓட்டிச் செல்வதில் வல்லவரான சுரஜித் சென்குப்தா போன்றோர் அந்தக் காலத்தில் ஆடினார்கள்.

கோப்பையைப் பகிர்ந்துகொள்வது அன்றைய இந்தியக் கால்பந்தில் விசித்திரமல்ல. இதே இரு கிளப்புகள் 1960-இல் டூரண்ட் கோப்பையையும் பகிர்ந்துகொண்டவை. 1980 பெடரேஷன் கோப்பையிலும் அதேதான் நடந்தது. கல்கத்தாவில் 1-1 என்று முடிந்து கோப்பை பொதுவாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இவ்விரு அணிகளின் லீக் ஆட்டத்தின்போது காலரியில் மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். கொல்கத்தாவில் இந்தப் பகை எவ்வளவு சூடானது என்பதற்கு அதுவே சாட்சி. கோவைக் காலரியில் பெரும்பாலானோருக்கு எந்தப் பக்கமும் சொந்தப் பக்கம் அல்ல. யார் நன்றாக ஆடினாலும் கைதட்ட அவர்களுக்கு உரிமை இருந்தது. பொது ஊரில் ஆடும் இறுதி ஆட்டத்துக்கு இருக்கும் அருமை இது.

ஒரே நகரத்தின் இரு கிளப்புகள் நாட்டுக் கோப்பைக்கு மோதுவது உலகத்தில் அபூர்வமல்ல. இத்தாலியின் நாட்டுக் கோப்பையான கோப்பா இத்தாலியா 1922-இல் தொடங்கியது. முதல் கோப்பையை வென்றது மிலானோ டூரினோ அல்ல. லிகூரியக் கடற்கரையின் சிற்றூரான வாதோ லிகூரேயின் கிளப். தன் ஊர் மைதானத்திலேயே உதினேசே அணியை 1-0 என்று கூடுதல் நேரத்தில் வென்றது. பெரிய கிளப்புகள் அந்த ஆண்டு கலந்துகொள்ளாதது உண்மைதான். ஆனாலும் பட்டியலின் முதல் வரியில் இன்றும் வாதோவின் பெயர்தான். நெடுங்காலம் இறுதிச் சுற்று இரண்டு ஆட்டங்களாக, ஆளுக்கொரு ஊரில் ஆடப்பட்டது. 2008 முதல் ஒரே ஆட்டம்; பெருந்தொற்றுக் காலத்தில் 2021-இல் ரெஜ்ஜோ எமிலியாவில் ஆடியதைத் தவிர ரோமின் ஒலிம்பிக் ஸ்டேடியமே நிரந்தர இடம். 2013 மே 26 அன்று அங்கே ரோமின் இரு கிளப்புகளே மோதின. லாட்சியோ, ரோமாவை 1-0 என்று வென்றது. அவர்கள் வீட்டு வாசலிலேயே தீர்ந்த வழக்கு அது. கோவை ஆட்டத்துக்கு நெருக்கமான இத்தாலிய உதாரணம் வேறு: லீக் சாம்பியனும் கோப்பை வென்ற அணியும் மோதுவதற்காகத் தொடங்கப்பட்ட சூப்பர் கோப்பையை இத்தாலியர்கள் 1993 முதல் அவ்வப்போது வெளிநாடுகளில் ஆடுகிறார்கள். 2011 ஆகஸ்டில் மிலானும் இன்டரும், ஒரே ஸ்டேடியத்தைச் சொந்தக் களமாகப் பகிர்ந்துகொள்ளும் இரு கிளப்புகள், பெய்ஜிங் போய் ஆடின. மிலான் 2-1 என்று வென்றது. அந்தப் பயணங்களுக்குக் காரணம் வெளிநாட்டுப் பணம். இந்தியாவில் கோப்பை ஊர் ஊராகப் போனது நாட்டுக்குள்ளேயே, சொந்த ரசிகர்களைத் தேடி. இரண்டில் எது மேலானது என்று கேட்டால் பதில் சொல்வது கடினமல்ல.

கெங்கவல்லியிலிருந்து இன்னொரு சாலை தெற்கே போகிறது. மரச்சிற்பத்துக்குப் பேர்பெற்ற தம்மம்பட்டி, பிறகு பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் இடைப்பட்ட வெளி, துறையூர், மண்ணச்சநல்லூர், கடைசியில் காவிரி தாண்டித் திருச்சி. ஏறக்குறைய 100 கிலோமீட்டர். 1984 பெடரேஷன் கோப்பை அங்கே நடந்தது. கொல்கத்தாவின் இன்னொரு கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங் 1-0 என்று ஈஸ்ட் பெங்காலை வென்றது. 1981-இல் சென்னையில் மோகன் பகான் 2-0 என்று முகமதன் ஸ்போர்ட்டிங்கை வென்றிருந்தது. ஆக, கோவை, சென்னை, திருச்சி என்று அந்த ஏழாண்டுகளில் தமிழ்நாட்டில் நடந்த மூன்று இறுதி ஆட்டங்களிலும் ஆறு இடங்களையும் கொல்கத்தாவின் மூன்று கிளப்புகளே எடுத்துக்கொண்டன.

தமிழ்நாட்டு அணிகள் ஆடிய இறுதி ஆட்டங்களோ தமிழ்நாட்டுக்கு வெளியே நடந்தன. 2012-இல் சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் தமிழ்நாடு 3-2 என்று சர்வீசஸ் அணியிடம் தோற்றது, இடம் கட்டாக். 2018-இல் தேசிய மகளிர் சாம்பியன்ஷிப்பில் தமிழ்நாட்டுப் பெண்கள் பலமுறை பட்டம் வென்ற மணிப்பூரை 2-1 என்று வீழ்த்திக் கோப்பையை வென்றார்கள், அதுவும் கட்டாக்கில். 2023-இல் ஹரியானாவை வென்று மீண்டும் கோப்பை எடுத்தார்கள், இடம் அமிர்தசரஸ். இந்தியக் கால்பந்தில் மணிப்பூரை இறுதி ஆட்டத்தில் வெல்வது எவ்வளவு அரிது என்பதை அறிந்தவர்களுக்கு 2018 வெற்றியின் எடை தெரியும். அதற்குரிய வரவேற்பு சொந்த மாநிலத்துக் காலரியிலிருந்து அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கோவையில் 2019 மார்ச் 9 அன்று நடந்த ஆட்டம் இதற்கு ஒரே பெரிய விதிவிலக்கு. அது கோப்பை ஆட்டமல்ல, கிளப்புகளின் தேசிய லீக்கான ஐ-லீக்கில் அந்தப் பருவத்தின் கடைசிச் சுற்று ஆட்டம். ஆனால் இறுதி ஆட்டத்துக்குரிய எல்லாமே அதில் இருந்தது. நேரு ஸ்டேடியத்தைச் சொந்தக் களமாகக் கொண்டிருந்த சென்னை சிட்டி அணிக்கு மினர்வா பஞ்சாப்பை வென்றால் பட்டம். தவறினால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விடும் வாய்ப்பு. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் போட்டது. முதல் பாதி முழுக்க அந்தக் கோல் பலகையில் நின்றது. இரண்டாவது பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியைக் கோலாக்கினார்; அந்தப் பருவத்தில் அவர் போட்ட 21 கோல்களில் அதுவும் ஒன்று. பிறகு கௌரவ் போரா இரண்டு கோல்கள் போட்டார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று வென்றிருந்தது. சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. 1978-இல் கோவையில் பாதிக் கோப்பையோடு திரும்பிய கிளப், 41 ஆண்டுகள் கழித்து இதே நகரத்தில் வேறு இருவர் ஆடிய ஆட்டத்தில் முழுப் பட்டத்தை இழந்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்றுவித்த அந்த அணியில் எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் இருந்தார்கள் என்பது காலரியின் ஆரவாரத்துக்கு இன்னொரு காரணம்.

பெடரேஷன் கோப்பை 2017-இல் முடிவுக்கு வந்தது. கட்டாக்கில் நடந்த கடைசி இறுதி ஆட்டத்தில் பெங்களூரு எஃப்.சி. கூடுதல் நேரத்தில் 2-0 என்று மோகன் பகானை வென்றது. இரண்டு கோல்களும் சி.கே. வினீத்தின் கால்களிலிருந்து. முதல் கோப்பையிலும் கடைசிக் கோப்பையிலும் பெங்களூர் அணியே வென்றது, மோகன் பகானே தோற்றது. 2018 முதல் அதன் இடத்தில் சூப்பர் கோப்பை. அது பழைய கோப்பையைப் போல் ஆண்டுதோறும் ஊர் மாறுவதில்லை. பெரும்பாலும் புவனேஸ்வரத்தின் கலிங்கா ஸ்டேடியத்தில்தான் முடிந்திருக்கிறது. ஒரே இடத்தில் நடத்தினால் செலவு குறையும், புல்தரையும் தரமாக இருக்கும் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் கோவையும் திருச்சியும் கண்ணூரும் அதனால் இழந்தது சிறிதல்ல. இறுதி ஆட்டத்தை நேரில் பார்த்த ஓர் ஊரில் அடுத்த ஆண்டு பள்ளி மைதானத்தில் பந்து உதைக்கிற பையன்கள் கூடுவார்கள். தொலைக்காட்சி அதை அதே அளவுக்குச் செய்வதில்லை.

அந்தக் கலிங்கா ஸ்டேடியத்தில்தான், கோவை வெற்றிக்கு ஐந்து வாரம் கழித்து, 2019 ஏப்ரல் 13 அன்று தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று சூப்பர் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆடியது: சென்னையின் எஃப்.சி. இத்தாலியின் மார்கோ மாடெராட்ஸி பயிற்றுவித்து 2015-இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பட்டம் வென்ற கிளப் அது. இன்டருக்கு ஆடி இத்தாலியக் கோப்பையைப் பலமுறை வென்றவர் மாடெராட்ஸி. அவருக்காக 2014 பருவத்தின் கடைசியில் அலெஸ்ஸாந்த்ரோ நெஸ்தாவும் சென்னைச் சட்டை போட்டார். 1998 கோப்பா இத்தாலியா இறுதியில் மிலானுக்கு எதிராக லாட்சியோவின் வெற்றிக் கோலைப் போட்டவர் நெஸ்தா. 2019-இல் அவர்கள் இருவரும் இல்லை. எஃப்.சி. கோவாவின் கோரோமினாஸ் இடைவேளைக்குப் பிறகு முதல் கோலைப் போட, ரஃபேல் அகஸ்டோ சில நிமிடங்களில் சமன் செய்தார். பிறகு பிராண்டன் பெர்னாண்டஸ் அடித்த கோல் ஆட்டத்தின் முடிவைத் தீர்மானித்தது. கோவா 2-1 என்று வென்றது. கெங்கவல்லியிலிருந்து புவனேஸ்வரம் போக, சென்னைக்கு ஓர் இரவும் அங்கிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு முழு நாளும் ஆகும்.